ஒட்டாத நீலக் கம்பி

"மேகமெல்லாம் மஞ்சளாத் தெரியுதாம், நெவில்."

பத்து மணி டீ நேரத்தில் அந்தக் கேபிளை மேசைமேல் போட்டேன். முதியோர் இல்லத்தின் பழைய கம்ப்யூட்டரைப் புதுத் திரையோடு இணைக்க நெவில் செய்துகொடுத்தது. கம்ப்யூட்டர் அனலாக் காலத்தது, திரை டிஜிட்டல் காலத்தது. புதுத் திரையின் பிளக்கில் பழைய கம்ப்யூட்டர்களுக்கென்று விட்டுவைத்திருக்கும் சில ஊசிகளில் சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனிக் கம்பியாக ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். இதில் நீலம் ஒட்டாமல் தொங்கியது.

"திரையில பனிமலைப் படம் தேன்ல நனைஞ்ச மாதிரி இருக்காம். அங்க ஒரு அம்மா மட்டும், இதுவே கனவு மாதிரி நல்லாருக்கு, மாத்தாதீங்கன்னு சொல்லுச்சாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நெவில் ஜன்னல் வழியே ஹியூவான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடுபனி இன்னும் தண்ணீரை விட்டு எழுந்திருக்கவில்லை. படகுகள் எதன்மேல் நிற்கின்றன என்றே தெரியவில்லை.

நாங்கள் பன்னிரண்டு பேர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆட்கள். செவ்வாயும் வியாழனும் இந்த ஷெட்டில் கூடி, ஊராருக்கு எதையாவது ரிப்பேர் செய்து தருவோம். ஒரே விதிதான். ஒருவன் செய்த வேலை பழுதென்று திரும்பி வந்தால், அதைச் செய்த கருவியை அவன் மறுபடி தொடக்கூடாது. அந்த விதியைப் போட்டதே நெவில்தான்.

"கை நடுங்குதுன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றேன், ஷெட்டின் செயலாளருக்குரிய விறைப்போடு.

அவன் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னை என் பக்கம் தள்ளினான். நாற்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அதைப் பிடித்த கை. அதை விட்டால் அவனுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

"நத்தை எச்சில்ல ஒட்டுறதுகூட இதைவிட கெட்டிடா," என்றான் க்ளைவ், லாமிங்டன் கேக்கை மென்றபடி. ஆஸ்பத்திரியில் பித்தப்பையை எடுத்துவிட்டு அன்றைக்குத்தான் ஷெட்டுக்குத் திரும்பியிருந்தான். வாய் மட்டும் குறையவில்லை.

டீ முடிந்ததும் அதே க்ளைவ் என்னை மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"ஆர்ச்சி, அயர்னை அவன்கிட்டயே குடுத்துடு. தப்பு என்னோடது."

"உன்னோடதா?"

"ரெண்டு வருஷமா அவன் செய்யுற கேபிள் ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பி ஒட்டாமத்தான் இருக்கு. மூணு மணிக்கு நீங்கல்லாம் கிளம்பினப்புறம் நான் உக்காந்து ஒட்டி வெப்பேன். போன வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தேனா, இது தப்பிப் போயிடுச்சு. அவன்கிட்ட மூச்சு விடாதே. ரோஷக்காரன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இவனை வெறும் வாயாடி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அயர்னைத் திருப்பிக் கொண்டுபோய் நெவிலின் முன் வைத்தேன்.

"இந்த ஒரு தடவை விதியைத் தள்ளி வெச்சிருக்கோம். வெச்சுக்கோ."

நெவில் அதைச் சூடேற்றினான். நீலக் கம்பியை ஊசியில் வைத்தான். ஒரு பொட்டு ஈயம். கண்ணாடியாகப் பளபளத்து ஒட்டிக்கொண்டது. கை இம்மிகூட ஆடவில்லை.

"உனக்குத்தான் கை நடுங்கலையேடா."

"நடுங்குதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"பின்ன எதுக்கு ரெண்டு வருஷமா ஒவ்வொரு கேபிள்லயும்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மூலையில் டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த க்ளைவை நெவில் ஒரு பார்வை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அவன் பொண்டாட்டி தவறிப் போய் ரெண்டு வருஷமாச்சு, ஆர்ச்சி. எல்லாக் கம்பியையும் நானே ஒட்டிட்டா, மூணு மணிக்கே அவன் அந்த வெறும் வீட்டுக்குக் கிளம்பணுமில்ல."