சட்டிக்குள் வயர்

மண்சட்டியின் வாயிலிருந்து சிவப்பும் கறுப்புமாக வயர்கள் வெளியே நீண்டு கிடந்தன. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக் கனகசுந்தரம், சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் லதீசன் சொல்லியிருப்பான். கல்யாண வீடுகளில் படமெடுக்கும் சின்ன ட்ரோன்களுக்கு அவன் பற்றறி சார்ஜர் செய்துகொண்டிருந்தான். பழைய கொம்பியூட்டரில் கழற்றிய பவர் சப்ளை ஒன்று, பற்றறி வீங்கி வெடித்தாலும் வீடு பற்றாமலிருக்க மணல் போட்ட சட்டி ஒன்று, அவ்வளவுதான். ட்ரோன் பறக்கவிட முறையாக அனுமதி எடுத்திருந்தான். சட்டிக்குள் வயர் வைக்க யாரிடம் போய் அனுமதி கேட்பது?

"கனகசுந்தரம் அண்ணை பாத்திட்டுப் போறார்," என்றான் மனைவி துஷாந்தியிடம்.

அவள் முகம் வெளிறிப்போயிற்று. அவளுடைய அண்ணா றேடியோ திருத்தியவர். அவர் மேசையில் கிடந்த வயர்களைக் குண்டு வயரென்று யாரோ போய்ச் சொல்ல, ஒரு ராத்திரி ஜீப்பில் வந்து விசாரணைக்கென்று ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். எங்கே போய்க் கேட்டாலும், அப்படி ஒருவரைத் தாங்கள் கூட்டிப்போகவே இல்லை என்றார்கள்.

"இதைக் கழட்டி எறியுங்கோவன்."

"எறிஞ்சா, ஒளிச்சதெண்டு சொல்லுவாங்கள். பிறகு ஒண்டும் கதைக்க ஏலாது."

அன்று இருவருக்கும் நித்திரை இல்லை. நாய் குரைக்கும்போதெல்லாம் துஷாந்தி எழுந்து உட்கார்ந்தாள்.

விடிந்ததும் அவள் ஆளே மாறியிருந்தாள். முற்றத்தைக் கூட்டி, இருந்த கதிரைகளையெல்லாம் வேம்பின் கீழே கொண்டுவந்து போட்டாள்.

"மாதர் சங்கக் கூட்டம். எல்லாரையும் இஞ்ச வரச் சொன்னனான்."

போன கிழமைதானே கூடினார்கள் என்று லதீசனுக்கு எரிச்சல் வந்தது. உயிர் போகிற நேரத்தில் இவளுக்கு ஒரு கூட்டம்.

சல்லிக் கிராமத்துப் பெண்களில் பாதிப்பேர் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பொலிஸ் ஜீப் படலையில் வந்து நின்றது.

"எங்க அந்தச் சட்டி?" என்று கேட்டபடி சார்ஜன்ட் உள்ளே வந்தார். பின்னாலேயே பெண்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

லதீசன் சார்ஜரில் பற்றறியைப் பொருத்தினான். பச்சை விளக்கு எரிந்தது. சார்ஜன்ட் மணலைக் கிளறிப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"சரி. நெருப்புப் பத்தாமப் பாத்துச் செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

பயம் போன இடத்தில் லதீசனுக்குக் கோபம் வந்தது. நேரே வேலியடிக்குப் போனான்.

"அண்ணை, வெளியால வாங்கோ. காட்டிக் குடுக்க நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"அம்மாளாச்சி அறிய நானில்லைத் தம்பி," என்று கனகசுந்தரம் தடுமாறினார்.

துஷாந்தி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "அந்த மனிசனைப் பேசாதைங்கோ. பொலிசுக்குச் சொன்னது நான்தான்."

"உனக்கென்ன விசரா?"

"வேற ஆரும் சொல்லியிருந்தா, ராவில வந்திருப்பாங்கள்."