பத்தெழுத்துப் பூட்டு

மூன்று தலைமுறையாக யாருக்கும் சொல்லாத ஒரு சொல்லை வைத்திலிங்கம் இருநூற்றைம்பது ரூபாய் செலவில் வைஃபை பெட்டிக்குப் பூட்டாகப் போட்டார். பெட்டியை மாட்ட வந்தவர் கேட்டது முந்நூறு. பேரம் பேசி இறக்கியிருந்தார்.

"வெளி ஆளுக்குத் தெரியாத பாஸ்வேர்டா போடுங்க அண்ணாச்சி" என்றார் மாட்ட வந்தவர். வைத்திலிங்கத்திடம் அப்படி இருந்தது ஒன்றுதான். பத்து எழுத்து; முதல் எழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு என்று எழுத்துக்கு ஓர் எண். அந்த எழுத்துகளில்தான் தன் ஜவுளிக்கடையின் ஒவ்வொரு சேலைச் சீட்டிலும், வாங்க வருகிறவர்களுக்குப் புரியாதபடி, அடக்கவிலையை எழுதி வைத்திருந்தார்.

ஒரு மாதம் கழித்துப் போனில் பார்த்தால், பெட்டியோடு ஏழு கருவிகள் இணைந்திருந்தன. வீட்டில் இருப்பவை நான்கு.

"பாஸ்வேர்டை யாருக்குக் கொடுத்தே?"

"கேட்டவங்களுக்குத்தான்" என்றாள் மனைவி பொன்னுத்தாய். "உறைக்கு மோர் கேட்டா இல்லேன்னா சொல்லுவேன்?"

திட்டவும் வழியில்லை. திட்டினால் காரணம் கேட்பாள். அது அவளுக்கே முப்பது வருடமாகச் சொல்லாத காரணம்.

மாலையில் அடுத்த வீட்டு கோமதி கடைக்கு வந்து ஒரு சுங்குடிச் சேலையை எடுத்தாள். சீட்டைப் புரட்டினாள்.

"எழுநூத்தி நாப்பது தாரேன் அண்ணாச்சி."

அடக்கவிலை சரியாக அதுதான். படித்துச் சொன்னாளா, வாய்க்கு வந்ததைச் சொன்னாளா?

"என்ன கணக்கும்மா இது?"

"ஏன், கட்டுப்படியாகாதோ?" என்று சிரித்தாள்.

வைத்திலிங்கம் சேலையை மடித்தார். ஏழு கருவிகளில் வீட்டு நான்கு போக மூன்று. கோமதியைக் கழித்தால் சொல் தெரிந்தவர் இன்னும் இரண்டு பேர், கழிக்காவிட்டால் மூன்று.