ஒயர் இல்லாத மூன்று வாரம்

"மறுபடியும் செத்துப்போச்சா?" என்று ஏணியின் அடியிலிருந்து கேட்டார் வெர்லின்.

வெளிக் கம்பெனியிலிருந்து வந்திருந்த டார்லா குபியாக் மேலே நின்று பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். அவள் மாட்டிய ஒயர்லெஸ் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உலைகளின் சூட்டை நொடிக்கு நொடி கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. ஆனால் உத்தரத்துக்கு அடியில் கிரேன் குறுக்கே போகும்போதெல்லாம் அது வாயை மூடிக்கொண்டது. காலையிலிருந்து இது பதினான்காவது முறை.

அமெரிக்காவில், ஒஹையோவில் ஓர் இரும்பு வார்க்கும் ஆலை. மொத்தம் ஒன்பது ஷெட். அவற்றில் ஓடும் ஒவ்வொரு கேபிளும் முப்பத்தாறு வருடங்களில் வெர்லின் ஹாட்ச் தன் கையால் இழுத்தது.

"இவ்வளவு இரும்பு குறுக்க வந்தா, காத்துல போறது எங்கம்மா போகும்? என் கேபிள் கிரேனைப் பார்த்துப் பயந்ததே இல்ல."

"போன மாசம் உங்க கேபிளை எலி தின்னுச்சாமே."

"தின்ன எலி செத்துப்போச்சு. கேபிள் இன்னும் ஓடுது."

டார்லா இறங்கி வந்தாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம்.

"உங்களுக்கென்ன வெர்லின், கொண்டாட்டம்தான். மேனேஜர் எனக்குக் கொடுத்தது மூணு வாரம். கடைசி ரெண்டு வாரத்துல சிக்னல் ஒரு தடவை அறுந்தாலும் பெட்டியோட என்னையும் தூக்கி வெளில போட்டுருவாரு. எங்க கம்பெனியிலயும் சீட்டைக் கிழிச்சுருவாங்க."

"ஜெயிச்சா?"

"ஒன்பது ஷெட்டும் எனக்கு. கேபிள் வேண்டாம், கேபிள்காரரும் வேண்டாம். உங்க போஸ்ட் காலி."

"தோத்தா நான் இங்கயே இருப்பேன்."

"இருப்பீங்க. உங்களால முடியற வரைக்கும்."

வெர்லின் ஹெல்மெட்டைக் கழற்றி வழுக்கைத் தலையைச் சொறிந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார் என்று டார்லா நினைத்தாள். தன்னால் வேலையிழக்கப் போகிறவர் தனக்காகப் பரிதாபப்படுவது அவளுக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

அன்று மாலை ஆன்டெனாவை ஒரு விரல்கடை இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அது ஒன்றைத்தான் அவள் அதுவரை திருப்பிப் பார்க்காமல் இருந்தாள்.

காலையில் வந்தால் பச்சை விளக்கு. கிரேன் போனது. பச்சை. கிரேன் கொதிக்கும் இரும்பு நிறைந்த வாளியோடு திரும்பி வந்தது. அப்போதும் பச்சை.

ஒரு வாரத்தில் அவள் நடையே மாறிவிட்டது. கேன்டீனில் ஹாட் டாக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆன்டெனாவின் கோணம் பற்றி வெர்லினுக்கு இருபது நிமிடம் வகுப்பு எடுத்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ஒரு விரல்கடைதானா?"

"அவ்வளவுதான். எங்க வைக்கணும்னு தெரியணும்."

"நம்ம மண்டைக்கு இதெல்லாம் ஏறாதும்மா."

பக்கத்து மேசையில் கிரேன் ஓட்டும் லாஸ்லோ சிரித்தான். "முப்பத்தாறு வருஷ சர்வீஸை ஒரு விரல்கடையில முடிச்சுட்டாளே, யோவ்."

"மூடிக்கிட்டுத் தின்னுடா. நாளைக்கே அறுந்துபோகும், பாரு" என்றார் வெர்லின்.

அறுந்துபோகவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் பெட்ரெல்லா கணினியில் இருந்த பதிவைப் படித்துவிட்டு டார்லாவின் கையைக் குலுக்கினார். ஒன்பது ஷெட்டுக்குமான ஒப்பந்தத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். பிறகு வெர்லினைக் கூப்பிட்டனுப்பினார்.

"தப்பா நினைக்காதீங்க வெர்லின். உங்க வேலைன்னு இனிமே இங்க ஒண்ணும் இல்ல."

"இத்தனை வருஷம் உழைச்சதுக்கு இதுதான் மரியாதையா? காத்தை நம்பி இரும்பு காய்ச்சுங்க. நல்லா விளங்கும்."

பேனாவைப் பிடுங்கி, பணிநீக்கக் கடிதத்தில் தாள் கிழியும்படி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். டார்லா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியை நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். ஏணியில் ஏறி அதைக் கழற்றி இழுத்தாள். வரவில்லை. பின்னால் கையை விட்டுத் துழாவினாள்.

பெட்டியின் அடியில் ஒரு கேபிள் சொருகியிருந்தது. உத்தரத்தின் அதே சாம்பல் நிறப் பெயின்ட் பூசி, அடிக்கொரு கிளிப் போட்டு, கிரேன் பாதைக்கு மேலே ஏறி, நூலடித்தது போல நேராகக் கட்டுப்பாட்டு அறை வரைக்கும் போயிற்று. கேபிள் சொருகினால் அந்தப் பெட்டி காற்றை விட்டுவிட்டுக் கேபிளில்தான் பேசும். இந்தச் சுத்தமான வேலை ஆலையில் ஒரே ஒருவருக்குத்தான் வரும்.

அவள் ஓடிப்போனபோது வெர்லின் கார் நிறுத்துமிடத்தில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மீன்பிடிப் படகைக் கோத்துக்கொண்டிருந்தார். விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? உங்க வேலைக்கு நீங்களே உலை வச்சிருக்கீங்க."

"மெதுவாப் பேசும்மா. நானா வேலையை விட்டா ஒரு கேக்கு, ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். அவங்களா வெளில அனுப்பினா, யூனியன் ஒப்பந்தப்படி ரெண்டு வருஷச் சம்பளம். யாராவது வந்து என்னைத் துரத்த மாட்டாங்களான்னு பத்து வருஷமா காத்துக்கிட்டிருந்தேன். வந்தது நீ. அதுவும் ஒரு நாளைக்குப் பதினாலு தடவை சாகற பெட்டியோட."

வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

"மீதி எட்டு ஷெட்டுக்கும் ஒயர்லெஸ் போடணும்ல? திங்கக்கிழமை போன் பண்ணு, கேபிள் நான் கொண்டுவரேன்."