பேங்க் தாண்டி வலது பக்கம்

கை தானாக உயர்ந்துவிட்டது.

"நேரா போங்கம்மா. பேங்க் தாண்டி வலது பக்கம்."

கண்ணாஸ்பத்திரிக்கு வழி கேட்டவள் கும்பிட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கணவரின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, அவன் காட்டிய பக்கம் நடந்தாள்.

அவன் டீயை ஒரு வாய் உறிஞ்சினான். உபகாரம் செய்த பிறகு டீ சற்று இனிப்பாகவே இருக்கும்.

தாசையா கண்ணாஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

இதை அவன் பொய் என்று நினைத்ததே இல்லை. லஞ்சம் வாங்கியதில்லை. வரிசையில் முந்தியதில்லை. பஸ்ஸில் கிடந்த குடையை டெப்போ வரை போய் ஒப்படைத்து, அதை ஊர் முழுக்கச் சொல்லியும் இருக்கிறான். யாராவது வழி கேட்டால் மட்டும் 'தெரியாது' என்ற சொல் வாய்க்கு வராது. பிறந்த ஊரில் நின்றுகொண்டு தெரியாது என்றால் எப்படி?

டீக்கடைக்காரர் பாய்லரை விட்டு நிமிர்ந்தார்.

"ஏன் சார், பேங்க் தாண்டி இருக்கது மாட்டாஸ்பத்திரில்லா? கண்ணாஸ்பத்திரி இந்தா, தேரடிக்குப் பின்னால."

டாக்டர் மதியத்தோடு கிளம்பிவிடுவார் என்றும் சொன்னார். விட்டால் அடுத்த வியாழன்தான்.

தம்ளரில் பாதி டீ இருந்தது.

வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தான். ஆறுதலாக இருந்தது.

அந்த வேறு யாராவதும் இந்த ஊர்க்காரர்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஓடினான். ஓட்டம் என்பது அவன் அபிப்பிராயம். தொப்பை முன்னால் போனது, அவன் பின்னால் போனான்.

மாட்டாஸ்பத்திரி வேப்பமரத்தடியில், ஒரு சினைப்பசுவுக்குப் பக்கத்தில், கணவர் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் பெயர்ப்பலகையில் வரைந்திருந்த பசுவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரும் வழியிலேயே ஒன்று தயாரித்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரியை இடம் மாத்திட்டாங்களாம். நல்ல பொய். யாருக்கும் நஷ்டமில்லாதது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

அவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. தான்தான் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டோமோ என்ற வெட்கம் இருந்தது.

"எனக்கு வழி தெரியாதும்மா" என்றான்.

"பொறவு எதுக்குண்ணே சொன்னீய?"

யோசித்துப் பார்த்தான்.

"நீங்க கேட்டீங்கள்லா."

திரும்பும்போது கணவரின் கையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான்.

வெயில் ஏறியிருந்தது. தேரடி கண்ணில் பட்டதும் அவள் மெல்லக் கேட்டாள்.

"இந்த டாக்டர் பாத்தா பார்வை வந்துரும்லாண்ணே?"

வந்துரும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

தோளில் இருந்த கை கொஞ்சம் கனத்தது.

"தெரியலம்மா."

அதுவரை வாயே திறக்காத கணவர்தான் பேசினார்.

"மாட்டாஸ்பத்திரிக்கு வழி சொன்ன ஆளுட்ட போயி இதக் கேக்கியே, கிறுக்கி."

அவள் சிரித்துவிட்டாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வாசலில் டாக்டரின் கார் இன்னும் நின்றது. கணவர் அவன் தோளை விடாமல், காலால் தரையைத் துழாவினார்.

அவன் குனிந்து பார்த்தான்.

இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டான்.

"ரெண்டு படி இருக்கு" என்றான்.