இரண்டு முறை வரும் ஒரு மணி

"பிரின்சிபல் டெவலப்பராம், அக்கா. எங்கட ரீமுக்குத்தான். பாத்தீங்களோ?"

விட்பியிலிருந்து புறப்பட்ட காலை ரயிலில், எதிர் இருக்கையில் இருந்த துஷாந்த் வேலை விளம்பரம் ஒன்று தெரிந்த தன் கைபேசியை நீட்டினான்.

நிரூபா இரண்டு வரிகளை வாசித்தாள். பதவியின் பெயர் ஒரு வரி, சம்பளம் மற்றது. அந்தச் சம்பளத்தின் கீழ் எல்லையே அவள் வாங்குவதைவிட உயரத்தில் இருந்தது.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"முந்தியெண்டால் உது ஒருத்தருக்கும் தெரிய வராது. இப்ப சட்டப்படி விளம்பரத்திலயே சம்பளத்தைப் போட வேணுமெல்லோ, மாட்டுப்பட்டிட்டாங்கள்," என்றான் துஷாந்த். "நீங்கள் எப்ப தொடக்கம் அதுக்கு ஒரு படி கீழ, சீனியர் டெவலப்பரா இருக்கிறியள், அக்கா?"

"நீ பள்ளிக்கூடம் போகேக்கையே."

"ஐயோ! போன ஞாயிறு குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளேக்கையும் நீங்கள்தானே முழிச்சிருந்தனீங்கள்?"

"வேற ஆர்? அண்டைக்கு ஒரு மணித்தியாலம் ரண்டு தரம் வரும். எங்கட சிஸ்ரத்துக்கு அது விளங்காது. தரிப்பிடத்தில கார் விட்டுட்டுப் போன சனத்திட்ட அந்த மணித்தியாலத்துக்கு ரண்டு தரம் காசு எடுத்துப்போடும். ஆரும் பக்கத்தில இருந்து பாக்க வேணும்."

"நீங்கள் முழிச்சிருங்கோ, பிரின்சிபலா வேற ஆரோ வரட்டும். எங்கட ஆள் மனேஜரா வந்தா எங்களைத் தூக்கிவிடுவார் எண்டு பேய்த்தனமா நினைச்சிட்டம்."

அந்த 'எங்கட ஆள்' அவர்களுடைய தமிழ் மனேஜர் எட்வேட். நேற்றும் முந்தாநாளும் நிரூபாவின் மேசையருகே வந்து நின்று, "விளம்பரம் பாத்தனீரோ?" என்று சிரித்த முகத்துடன் கேட்டவர். அது எந்த விளம்பரம் என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தச் சிரிப்பும் விளங்கியதுபோல் இருந்தது.

யன்னலுக்கு வெளியே வழக்கமாகத் தெரியும் ஏரியைக் காணவில்லை. தண்ணீரும் வானமும் ஒரே மூடுபனிக்குள் கரைந்திருக்க, ரயில் தண்டவாளத்தை விட்டு அந்த வெண்மையின்மேல் மிதப்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவளுடைய முகம் மட்டும் கூடவே வந்தது.

கண் சொருகியது. கனவில், அலுவலகத்தில் அவளுடைய கதிரையில் முகமில்லாத ஒருவர் இருந்தார். "இது எப்பிடி ஓடுது?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் பக்கத்தில் நின்று, பொறுமையாக, வரி வரியாக விளக்கிக்கொண்டே இருந்தாள். அந்த மணி முடிந்ததும் மறுபடியும் அதே மணி தொடங்கியது.

"அக்கா, யூனியன் ஸ்ரேசன் வந்திட்டுது."

விழித்தபோது அவளுக்குக் கோபம்கூட இருக்கவில்லை. முடிவு மட்டும் இருந்தது.

பதினொரு மணிக்கு எட்வேட்டின் அறைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணை, நான் வேலையை விடப்போறன்."

தேநீர்க் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"விளம்பரம் பாத்தனீரோ?"

"திரும்பவும் அதையே கேக்கிறியள். பாத்திட்டன். அதுதான் வந்தனான்."

"முழுக்க வாசிச்சனீரோ?"

"பேரும் சம்பளமும் வாசிச்சன். காணாதோ?"

"மற்றவையின்ர கோடிங்கில ஒரு கொமா பிழைச்சாலும் பிடிச்சுத் திருப்பி அனுப்புற ஆள் நீர். உதில ரண்டு வரியோட நிண்டிட்டீரே?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவளுக்கு வாசிக்க விருப்பமில்லை. ஆனாலும் கண்முன் இருக்கும் வரியை வாசிக்காமல் விடும் பழக்கமும் இல்லை.

'எங்கள் தரிப்பிடக் கட்டண மென்பொருளில் பத்து ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவம்.' அந்த மென்பொருள் இந்த அலுவலகத்துக்கு வெளியே உலகில் எங்கும் இல்லை.

'கடிகாரம் பின்னே செல்லும் இரவில் அதைத் தனியாக வழிநடத்தியிருத்தல் அவசியம்.'

கீழே, எல்லாவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி: 'தற்போது பணிபுரிவோரும் விண்ணப்பிக்கலாம்.'

நிரூபா கதிரையை இழுத்து மெல்ல இருந்தாள். அன்று காலை ரயிலில் கனவில் கண்ட அந்த முகமில்லாத ஆளுக்கு, இப்போது ஒரு முகம் வந்திருந்தது. கண்ணாடியில் அவளோடு கூடவே வந்த முகம்.

"இதை ஆர் எழுதினது?"

எட்வேட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உள்ளுக்க இருக்கிற ஆளுக்குச் சம்பளத்தை மூண்டு வீதத்துக்கு மேல கூட்ட விடமாட்டாங்கள். கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனன். புதுசா விண்ணப்பிச்சு வாற ஆளுக்குத்தான் உந்தப் பேரும் உந்தச் சம்பளமும். ஆளைத் தெரிவுசெய்யிற குழுவில நானும் இருக்கிறன். அதால ஒருத்தருக்கும் 'விண்ணப்பம் போடும்' எண்டு சொல்ல எனக்கு வாய் இல்லை."

"அதுதானோ ஒவ்வொரு நாளும்..."

"விளம்பரம் பாத்தனீரோ எண்டு கேக்கலாம்தானே."

அவள் வாய் திறக்குமுன் அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"விண்ணப்பம் இண்டைக்குப் பகல் பன்னிரண்டுக்கு மூடுது, நிரூபா. இந்த மணித்தியாலம் ஒரு தரம்தான் வரும்."