சத்தமில்லாத சவாரி

"வளைவுல வண்டி கத்தி மாதிரி திரும்பணும்னு சக்கரத்தைத் தாங்குற மவுண்டை இரும்புல போடச் சொன்னது நீங்கதானே, முரோய் சான்? இப்ப ரப்பரா?" என்றார் மெக்கானிக் ககுதா.

"தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்கு, ரப்பர் மாத்தாம ஏறமாட்டேன்னு சாயோ சொல்லிட்டா."

"பத்து வருஷமா சொன்னது இப்பத்தான் காதுல விழுந்துச்சாக்கும். சத்தம் போயிடும். ஆனா வளைவுல வண்டி ஆடும், பரவாயில்லையா?"

"மெதுவாத்தான் போவேன். நாளைக்கு அவளை மலைமேல இருக்குற கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அப்போ கடைசில ஜெயிச்சது உங்க வீட்டம்மாதான்."

"ஆமா. எப்பவும் போல."

மறுநாள் மலைப்பாதையில் கார் சத்தமே இல்லாமல் ஏறியது.

"இப்பவாவது திருப்தியா?" என்று முரோய் பக்கத்து இருக்கையைக் கேட்டார்.

சீட் பெல்ட்டுக்குள் இருந்த சாயோவின் அஸ்திக் கலசம், முதன்முறையாக ஒரு குறையும் சொல்லவில்லை.