ஸ்டாண்டு அசையவில்லை

கொட்டிய மழை விட்டு, மலைமேல் கிழக்கு வெளுக்கிறது. எதிர்ச்சரிவில் ஒற்றை மரம், அதற்குக் கீழே ஓட்டு வீடுகள், ஒரு கூரையில் அடுப்புப் புகை. புகைப்படக்காரர் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி ஒரு படம் எடுத்துவிட்டு, வெளிச்சம் ஏறியதும் இன்னொன்று எடுக்கிறார். இரண்டையும் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. "ஸ்டாண்டத் தட்டிட்டியா மச்சான்? மரம் கீழ எறங்கியிருக்கு." "சத்தியமா தொடல மாமா" என்கிறான் மனைவியின் தம்பி. மறுபடி பார்க்கிறார். முன்னாலிருக்கும் பாறை இரண்டிலும் அதே இடத்தில் இருக்கிறது. மலையுச்சியும் இம்மி பிசகவில்லை. மரம்தான் இறங்கியிருக்கிறது, வேர்பிடித்த மண்ணோடு. "வீட்ட விட்டு ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். சத்தம் மட்டும் கேட்டு, எதிரே ஓட்டு வீட்டிலிருந்து ஒரு பெண் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்க்கிறாள். கேமரா கண்ணில் படுகிறது. கலைந்த தலையைக் கோதிவிட்டு, படம் நன்றாக விழட்டும் என்று அசையாமல் நிற்கிறாள்.